இடது கன்னத்தில் ஒரு குழி

பூங்காவனத்துக்குப் பழுது கண்டுபிடிப்பதுதான் வேலை. காஜா பேராங்கில், ஒரு மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சீன முதலாளி ஓங் தவ்கே பிளாஸ்டிக் பொம்மை செய்துகொண்டிருந்தார். சிங்கப்பூரில் யாரோ கழித்துவிட்ட பழைய அச்சு இயந்திரம் ஒன்று, பசை ஒட்டும் மேசை ஒன்று, வண்ணம் தீட்டும் மேசை ஒன்று. தொழிற்சாலை என்று பலகையில் எழுதியிருந்தாலும் உள்ளே அவ்வளவுதான். பிளாஸ்டிக் மணிகள் உருகியதும் கைப்பிடியை இழுத்தால் குழம்பு அச்சுக்குள் பாயும். ஆறவிட்டுத் திறந்தால் பொம்மையின் முன்பாதி வரும். வேறு அச்சை மாட்டினால் பின்பாதி. இரண்டையும் ஒட்டினால் ஒரு சாண் உயரத்தில் உருண்டை முகத்தோடு ஒரு பெண் பிள்ளை.

அச்சிலிருந்து வருவதெல்லாம் முதலில் பூங்காவனத்தின் மேசைக்குத்தான் வரும். விரல் மூளியானது, காதில் பிசிறு நீட்டிக்கொண்டிருப்பது, கழுத்தில் கோடு விழுந்தது, மூக்கில் குமிழி வந்தது என்று பொறுக்கிக் கோணியில் எறிவாள். கோணி நிறைந்ததும் அதைப் பொடியாக அரைத்து மறுபடி உருக்குவார்கள். தேறியது மட்டும் ஜமீலாவிடம் போகும். ஜமீலா ஒற்றை மயிர்த் தூரிகையால் கண்ணும் உதடும் வரைவாள். மூன்று வருஷத்தில் பூங்காவனத்தின் கண்ணைத் தாண்டி ஒரு மூளிப் பொம்மை வெளியே போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் அவள் மனசு இருந்தது மேசையில் இல்லை, இயந்திரத்தில். அதைத் தொடும் உரிமை தியாகு ஒருவருக்குத்தான். நாற்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, எதையும் அவசரமாகச் செய்து பழகாத மனிதர். கைப்பிடியை இழுத்துவிட்டு உதட்டுக்குள்ளேயே முப்பது எண்ணுவார். முப்பது முடிந்த பிறகுதான் அச்சு திறக்கும். இருபத்தொன்பதில் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருநாள் பூங்காவனம் கேட்டே விட்டாள்.

"அண்ணே, நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டுமா?"

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்தச் சூடு," என்று சொல்லி அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது தெரிந்ததனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஊரெல்லாம் மெர்டேக்கா என்று சுதந்திரப் பேச்சாக இருந்தது. பாசாரில் கொடித்துணி கிடைக்காமல் தையல்காரர்கள் அலைந்தார்கள். பட்டணத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த காதர் மைதீன், கொண்டாட்டத்துக்கு வரும் கூட்டத்தை நம்பி இருநூறு பொம்மைக்குச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய மனைவி மஜீதா இருநூறு குட்டிச் சட்டைகளை முன்கூட்டியே தைத்து வைத்துவிட்டாள். இருநூறு பின்பாதியும் ஐம்பது முன்பாதியும் தியாகு முடித்திருந்தார். ஓங் தவ்கே பிளாஸ்டிக் மணி வாங்கச் சிங்கப்பூர் போனார். அவர் போன மறுநாள் தியாகுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த வருஷம் வீட்டுக்கு வீடு ஆளைப் படுக்கவைத்த சளிக்காய்ச்சல்.

திங்கட்கிழமை காலை தியாகுவின் மனைவி சாரதாம்பாள் வந்து சொல்லிவிட்டுப் போனதும், கொட்டகையில் பூங்காவனமும் ஜமீலாவும் மட்டும் இருந்தார்கள்.

"பூட்டிட்டுப் போயிடலாமா அக்கா?" என்றாள் ஜமீலா.

பூங்காவனம் இயந்திரத்தைப் பார்த்தாள். இன்னும் நூற்றைம்பது முகம் வேண்டும். வியாழக்கிழமை காதர் மைதீன் வந்து நிற்பார்.

"நீ வண்ணத்தைக் கலக்கு," என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மூன்று வருஷம் கண்ணால் பார்த்த வேலை. முதல் நாலைந்து வீணாய்ப் போயின. அதற்குப் பிறகு கை பிடிபட்டுவிட்டது. சூடு முகத்தில் அடித்தது, தோள் கழன்றுவிடும் போல் இருந்தது, ஆனாலும் அச்சு திறந்து ஒரு முகம் வெளியே வரும்போதெல்லாம் அவளுக்குள் என்னவோ துள்ளியது. நேரம்தான் போதவில்லை. முப்பது எண்ணினால் முடிக்க முடியாது என்று தோன்றியது. இருபது எண்ணித் திறந்து பார்த்தாள். முகம் வழவழவென்று குறையில்லாமல் வந்தது. தியாகு அண்ணன் வீணாகத்தான் பத்து எண்ணிக்கை நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் நூற்றைம்பதையும் இழுத்துத் தள்ளினாள். அவள் இயந்திரத்தில் இருந்ததால் அவளுடைய மேசையில் ஆள் இல்லை. தட்டில் கிடந்ததை ஜமீலா அப்படியே எடுத்துக் கண் வரைந்தாள், ஒட்டினாள். புதன்கிழமைதான் பூங்காவனம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொம்மையைக் கையில் எடுத்தாள்.

இடது கன்னத்தில் ஒரு குழி இருந்தது.

அடுத்ததை எடுத்தாள். அதிலும் குழி. ஒன்றில் வாயோரமாக, ஒன்றில் சற்று மேலே, ஒன்றில் விரல் நுனி பதிந்த அளவுக்கு ஆழமாக. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் தடிப்பு. அச்சை விட்டு வரும்போது மேல்பக்கம் இறுகியிருந்தாலும் உள்ளே ஆறவில்லை. தட்டில் கிடந்தபடியே மெல்ல உள்வாங்கியிருக்கிறது. தியாகு நின்ற அந்தப் பத்து எண்ணிக்கை எதற்கு என்று அப்போது விளங்கியது. நூற்றைம்பதையும் ஒன்றுவிடாமல் கோணிகளில் போட்டுக் கட்டினாள். ஜமீலா ஏதோ ஆறுதல் சொல்ல வந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனாள்.

மறுநாள் காதர் மைதீன் ஒரு பெச்சா ரிக்‌ஷாவோடு வந்து இறங்கினார். ஐம்பது பொம்மைதான் என்றதும் அவர் முகம் விழுந்தது.

"என்ன தங்கச்சி இது? சனிக்கிழமை கொண்டாட்டம். ஐம்பதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அந்தக் கோணியில என்ன?"

"அது கழிவு நானா. உருக்கப் போறது."

அவர் கட்டை அவிழ்த்து ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். "கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு. கூட்டத்துல யாரு கன்னத்தைத் தடவிப் பாக்கப் போறா? விலையைக் குறைச்சு வித்துடுறேன். தவ்கேகிட்ட நான் பேசிக்கிறேன்."

"வேணாம் நானா. என் வேலைக்கே வேட்டு வெச்சுடாதீங்க."

அவர் கேட்கவில்லை. கோணிகள் பெச்சாவில் ஏறின. பூங்காவனம் வாசலில் நின்று பெச்சா திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக் கர்வம் அந்த வண்டியில் போவது போல இருந்தது.

சனிக்கிழமை பண்டா ஹிலிர் திடலுக்கு ஊரே போனது. அவளுடைய கணவன் மருதமுத்து லோரியைக் கழுவிக் கொடி கட்டி, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனான். அவளும் கூடப் போனாள். எல்லோரும் கைதட்டிய இடத்தில் கைதட்டினாள். ஆனால் கண் மட்டும் கூட்டத்தில் யார் கையில் பொம்மை இருக்கிறது என்றே தேடியது. ஒரு குழந்தையின் கையில் ஒன்றைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஓங் தவ்கே வந்துவிட்டார். மலாயில்தான் பேசுவார், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அன்று அவர் பேசியது பக்கத்தில் இருந்த ஜமீலாவுக்கே கேட்கவில்லை. பூங்காவனம் மறைக்காமல் சொன்னாள். இயந்திரத்தைத் தொட்டது நான்தான், கழித்து வைத்ததும் நான்தான், கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார்.

"மூளிச் சாமான் விக்கிற தவ்கேன்னு பேர் வந்தா, அப்புறம் எவன் வாங்குவான்?" என்றார் அவர். "போய் மிச்சம் இருக்கிறதைத் திருப்பிக் கொண்டு வா. அதுக்கப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசலாம்."

வெயிலில் நடந்தே போனாள். காதர் மைதீன் கடையில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேல்தட்டில் வரிசையாக நின்ற பொம்மைகள்தான். சட்டை போட்டு, தலையில் ரிப்பன் கட்டி, நாற்பதுக்குக் குறையாது. விற்கவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். கன்னம் வழவழவென்று இருந்தது. எல்லாமே தியாகு செய்தவை.

"நானா, அந்தக் குழி விழுந்தது எல்லாம் எங்கே?"

"அதை ஏன் கேக்குற," என்றார் காதர் மைதீன். "சனிக்கிழமை மத்தியானமே முடிஞ்சு போச்சு. நானும் வேலையத்தவன், நல்லதை முன்னால அடுக்கி, குழியைக் கீழே ஒரு பெட்டியில போட்டு வெச்சிருந்தேன். பிள்ளைங்க குனிஞ்சு பெட்டியைத்தான் கிளறுது. இது சிரிக்குது, இது சிரிக்குதுன்னு."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்போங் செட்டி குடியிருப்பிலிருந்து ஒரு தாய் ஏழெட்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வம்சம், பேச்சு முழுக்க மலாய். சனிக்கிழமை வாங்கிப் போன வழவழப்பான பொம்மை ஒன்றை மேசையில் வைத்தாள்.

"என் பொண்ணு கோகிலாவுக்கு இது வேண்டாமாம். லெசோங் பிப்பிட் இருக்கிறதுதான் வேணுமாம். ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல."

லெசோங் பிப்பிட் என்றால் சிட்டின் உரல். கன்னக்குழிக்கு மலாயில் அப்படித்தான் பெயர். ஒரு சிட்டு நெல் குத்துகிற அளவுக்குச் சின்ன உரல். பூங்காவனம் தினம் பேசும் மொழிதான். ஆனாலும் தான் செய்த பழுதுக்கு அப்படி ஒரு பெயர் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் அந்தப் பெண்ணுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "இதுவும் அழகாத்தானே இருக்கு? கன்னத்துல பள்ளம் இல்லாம?" என்று மலாயில் கேட்டாள்.

கோகிலா அம்மாவின் சாரோங்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பதில் சொன்னாள். "எங்க கம்போங்ல ஆறு பேர்கிட்ட பொம்மை இருக்கு. ஒண்ணா வெச்சு விளையாடினா, அவங்க அவங்களோடதைக் கண்டுபிடிச்சுடுறாங்க. ஒருத்தியோடது வாய்கிட்ட, ஒருத்தியோடது மேலே, ஒருத்தியோடது பெரிசு. என்னோடதை எடுத்தா அது யாரோடதுன்னே தெரியல. கடையில இருக்கிற மாதிரியே இருக்கு."

மூன்று வருஷமாகப் பூங்காவனம் பாடுபட்டது, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்குத்தான். இந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதும் அதனால்தான்.

கடையில் ஒன்றும் மிச்சமில்லை. காதர் மைதீன் அடுத்த சரக்கு வந்ததும் முதல் பொம்மை கோகிலாவுக்கு என்று சொல்லி அனுப்பினார். பிறகு பூங்காவனத்தைத் தனியாக விடாமல் கூடவே கொட்டகைக்கு வந்து, ஓங் தவ்கேயிடம் தீபாவளிக்கு முந்நூறு வேண்டும் என்றார். குழியோடு.

ஓங் தவ்கே ஒரு வழவழப்பான பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "வியாபாரம் செய்யத்தான் கடை திறந்தேன்," என்றார் கடைசியில்.

அந்த வாரம் தியாகு எழுந்து வந்துவிட்டார். கன்னம் ஒட்டியிருந்தது, கை மட்டும் பழைய கை. குழி வேண்டும் என்று தவ்கே சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு இயந்திரத்தில் நின்றார். நாற்பது முகம் இழுத்தார். நாற்பதும் கண்ணாடி மாதிரி வந்தன. சூட்டை ஏற்றினார், இறக்கினார், அழுத்தத்தைக் கூட்டினார். கன்னம் அசையவில்லை.

ஓங் தவ்கே பூங்காவனத்தைக் கூப்பிட்டார். "நீ என்ன பண்ணினே?"

சொல்லியிருக்கலாம், ஒரே வார்த்தைதான். ஆனால் சொன்ன மறுநிமிஷம் தான் மேசைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "தெரியல தவ்கே. பழக்கமில்லாத கை. எப்படியோ வந்துச்சு," என்றாள்.

"அப்போ நீயே நில்லு."

அப்படித்தான் பூங்காவனம் இயந்திரத்துக்கு வந்தாள். தியாகுவைக் கழிவு அரைக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். மூலையில் முக்காலி போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கோணியில் வந்ததைக் கையால் உடைத்து அரைவையில் போட்டார். அவள் இழுக்கும்போது உதடு அசையாமல் பார்த்துக்கொண்டாள். மனசுக்குள் இருபது எண்ணுவாள். முகங்கள் குழி விழுந்து, ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் மாறி, தட்டில் நிறைந்தன. ஜமீலா, "இது குறும்புக்காரி, இது வெக்கப்படுறா," என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரைந்தாள். பூங்காவனத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் மட்டும் அந்த முதுகு தெரியும்.

ஒருநாள் மத்தியானம் சாரதாம்பாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். வழக்கம்போல நேரே இயந்திரத்தின் பக்கம் போனவள், அங்கே பூங்காவனத்தைப் பார்த்து நின்றாள். கண் மெல்லச் சுற்றி வந்து மூலையில், மேலெல்லாம் பிளாஸ்டிக் தூசியோடு உட்கார்ந்திருந்த கணவரிடம் போனது. அவர் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. சாரதாம்பாள் தூக்கை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தூசியை முந்தானையால் அவர் தோளிலிருந்து தட்டிவிட்டு, "சாப்பிட்டியா பூங்கா?" என்று இவளைக் கேட்டுவிட்டுப் போனாள். அன்று பூங்காவனத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தியாகு குழாயடியில் கை கழுவும்போது போய் நின்றாள்.

"அண்ணே, இருபதுதான். நான் இருபது எண்ணித் திறந்தேன். தெரிஞ்சுக்கிட்டேதான் தவ்கேகிட்ட மறைச்சேன்."

தியாகு கையைத் துண்டில் துடைத்தார். "தெரியும்."

"எப்படி?"

"முதுகு காட்டி உட்கார்ந்தா காதும் போயிடுமா? இழுக்கிற சத்தம் கேக்குது, திறக்கிற சத்தம் கேக்குது. முதல் நாளே எண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் தவ்கேகிட்ட சொல்லல?"

"நீங்க எல்லாம் கோப்பி குடிக்கப் போனப்ப ஒருநாள் இழுத்துப் பாத்தேன். இருபதுன்னு தெரியுது. திறக்கணும்னும் தெரியுது. கை நிக்குதும்மா. உள்ளே ஆறாம இருக்கிறதை எப்படித் திறக்குறது? முப்பது முடிஞ்சாத்தான் கை அசையுது. சொல்லி மட்டும் என்ன ஆகப்போகுது."

அவள் தலை குனிந்து நின்றாள். அவர் அவளைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நாலு நாள் கழித்துக் காதர் மைதீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். புதுச் சரக்கில் முதல் ஐம்பது பொம்மை அனுப்பியிருந்தார்கள். அதில் இருபது, காதோரமாகப் பிளந்துகொண்டு வந்துவிட்டன. வீட்டுக்குப் போய்த் தலை இரண்டாகப் பிரிந்து குழந்தைகள் பயந்து அழுததாகச் சொன்னார். ஓங் தவ்கே பசையைச் சந்தேகப்பட்டார், பிறகு ஜமீலாவைச் சந்தேகப்பட்டார். ஜமீலாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

பூங்காவனம் பிளந்த ஒன்றைக் கையில் எடுத்தாள். மூன்று வருஷம் பழுது பொறுக்கிய கண் அவளுக்கு இருந்தது. பின்பாதியின் ஓரம் லேசாக வளைந்திருந்தது. அதையும் அவள்தான் இழுத்தாள். அதற்கும் இருபதுதான் எண்ணியிருந்தாள். மெர்டேக்காவுக்குப் போன பொம்மைகள் ஏன் பிரியவில்லை என்பது உடனே விளங்கியது. அவற்றின் பின்பாதி எல்லாம் தியாகு செய்தது.

"ஜமீலா மேல தப்பு இல்ல தவ்கே," என்றாள். "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள், தான் மறைத்ததையும் சேர்த்து. முகத்துக்கு அவசரக் கை வேண்டும், முதுகுக்குப் பொறுமைக் கை வேண்டும், பின்பாதி நேராக இல்லாவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. தியாகு அண்ணன் காலையில் பின்பாதி இழுக்கட்டும், நான் மத்தியானம் முகம் இழுக்கிறேன்.

"நீ பொய் சொல்லியிருக்கே," என்றார் ஓங் தவ்கே.

"ஆமா தவ்கே."

அவர் தியாகுவைப் பார்த்தார். "இவ சொல்றது சரியா?"

தியாகு முக்காலியிலிருந்து எழுந்து வந்து, பிளந்த பொம்மையை வாங்கி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "சரிதான். முகம் எனக்கு வராது. அதுக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்," என்றார்.

அவளுக்கு ஒரு வாரக் கூலி பிடித்தம் என்று தவ்கே சொன்னார். இயந்திரத்தை விட்டு இறங்கு என்று சொல்லவில்லை. முந்நூறும் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கடைக்குப் போய்ச் சேர்ந்தன, ஒன்றுகூடப் பிளக்காமல்.

இரண்டு வருஷம் கழித்து ஓங் தவ்கே ஆசைப்பட்டு ஹாங்காங்கிலிருந்து ஒரு புது அச்சு வரவழைத்தார். இரண்டு கன்னத்திலும் அளவெடுத்துச் செதுக்கிய குழி. யார் இழுத்தாலும் எத்தனை எண்ணினாலும் ஒரே மாதிரி விழும். அந்தப் பொம்மைகள் காதர் மைதீன் கடையில் மழைக்காலம் முழுக்கத் தூங்கின. பிறகு அவர் பழையபடியே அனுப்பச் சொல்லி ஆள் விட்டார்.

அதற்குள் காலையும் மத்தியானமும் கை மாறுவது பழகிப்போயிருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தியாகு கைப்பிடியைத் துடைத்துவிட்டு இறங்குவார், பூங்காவனம் சேலையைச் செருகிக்கொண்டு ஏறுவாள். நடுவில் இரண்டு பேரும் வாசலில் நின்று கோப்பி குடிப்பார்கள்.

"இன்னிக்கு வெக்கை ஜாஸ்தி," என்றார் அவர் ஒருநாள். "இருபதுல திறந்தா குழி ஆழமாயிடாது?"

"இருபத்திமூணு வரைக்கும் போகணும் அண்ணே," என்றாள் அவள். "உங்களுக்கு?"

"நானும் முப்பதுக்கு மேல ரெண்டு எண்ணித்தான் திறந்தேன் இன்னிக்கு," என்று சொல்லிவிட்டு, தியாகு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.